தணிக்கைத் திட்டத்தில் ஏழாவது கட்டம்

எழுபதுகளின் பின்பாதியில் எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஒரு முழு அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த அறையைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தபோது, எதை எந்த நாளில் யார் பார்ப்பது என்று திட்டம் போடும் வேலை தணிக்கைப் பிரிவில் இருந்த என்னிடம் வந்தது. விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்குக் குடும்பம் இருந்தது.

திட்டம் போடுவது அத்தனை சுலபமில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் இயந்திரத்தைச் சரிபார்க்கக் கம்பெனி இன்ஜினீயர் வருவார். மாதக் கடைசியில் அந்த அறைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மின்வெட்டுக்கு அரசாங்கம் சொல்லும் நேரம் ஒன்று, வெட்டும் நேரம் வேறு. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு மிஞ்சும் நாட்களைத் தேட வேண்டும். செம்பாக்கத்தில் நான் குடியிருந்த ஒற்றை அறையில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் பெரிய தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தடுக்க யாரும் வரவில்லை. வீட்டுக்காரர்கூட வாடகைக்கு மட்டும்தான் கதவைத் தட்டுவார்.

அப்போது எனக்கு ஒரே ஒரு சிநேகிதர் இருந்தார். அவர்தான் அந்தக் கம்ப்யூட்டர் அறையின் மேற்பார்வையாளர். மேற்குத் தாம்பரத்தில் வீடு. மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஆறு வருஷம் காலை ரயிலில் எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைத்தவர். மாதத்தில் இரண்டு ஞாயிறு சர்ச் முடிந்ததும் அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. மீதி ஞாயிறுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அவருடைய ரெக்ஸின் பைக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். ஊழியர் பட்டியலும் சம்பளக் கணக்கும் பதிந்த கம்ப்யூட்டர் டேப்புகளுக்கு இன்னொரு பிரதி எடுத்து, அதை வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. தீப்பிடித்தால் ஒன்றாவது மிஞ்சும். நல்ல விதி. ஆனால் எதிர்க் கட்டடத்தில் ஒரு பீரோ வேண்டும் என்று அவர் அனுப்பிய கோப்பு இரண்டு வருஷமாக மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. மனிதர் மனசாட்சிக்காரர். வாரம் ஒருமுறை பிரதியை அந்தப் பையில் போட்டுத் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். பதிவேட்டில் "வேறு கட்டடம்" என்று எழுதினார். பொய்யென்று யாரும் சொல்ல முடியாது.

"இந்தப் பையை எவனாவது அடிச்சிட்டுப் போனான்னா, நம்ம ஆபீஸ்ல யார் வேலை செய்யறாங்கன்னே யாருக்கும் தெரியாது சார்" என்பார்.

"இப்ப மட்டும் தெரியுதா?" என்பேன் நான்.

ஆனால் தணிக்கையில் இது வெளியே வந்தால் வேலை போய்விடும். அலுவலகச் சொத்தை வெளியே கொண்டுபோன குற்றம். எங்கள் பிரிவில் இன்னொரு அதிகாரி இருந்தார். பழைய மேஜை விசிறியை வீட்டுக்குக் கொண்டுபோன ஸ்டோர்கீப்பரை சஸ்பெண்ட் செய்ய வைத்து, அன்று எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தவர்.

திட்டப் படிவத்தில் ஏழாவது கட்டம் இப்படிக் கேட்டது: தணிக்கை செய்யப்படும் பிரிவில் உள்ளவர்களோடு உமக்கு நெருக்கம் உண்டா? உண்டு என்று எழுதினால், படிவம் அப்படியே காபி வாங்கிக் கொடுத்தவரின் மேசைக்குப் போய்விடும். அவர் முதல் நாள் முதல் மணியிலேயே டேப்பைக் கேட்பார். கேட்கவும் வேண்டும், எளிதில் மாற்றக்கூடியதை முதலில் பார் என்று விதி சொல்கிறது. அந்த விதியைத் தமிழில் எழுதியவனே நான்தான்.

"இல்லை" என்று எழுதினேன். டேப் சோதனையை மூன்றாம் நாளுக்குத் தள்ளினேன்.

திட்டத்தின் பிரதி பத்து நாள் முன்னதாகவே சம்பந்தப்பட்ட பிரிவுக்குப் போகும். அதுவும் விதிதான். தேதியைப் பார்த்ததும், அதற்குள் டேப்பை வீட்டிலிருந்து கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவர் புரிந்துகொள்வார் எனக் கணக்குப் போட்டேன். ஏழாவது கட்டத்தையும் அவர் படிப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ரயிலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆபீஸ் ஆட்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு நாள் கிரிக்கெட் பேசினேன். எனக்குக் கிரிக்கெட் தெரியாது.

திட்டத்தின் பிரதி போன மறுநாள் தாம்பரத்தில் அவர் எங்கள் பெட்டியில் இல்லை.

தணிக்கை என்றதும் இரண்டு வருஷக் கோப்பு இரண்டே நாளில் ஓடியது. எதிர்க் கட்டடத்தில் பீரோ வந்துவிட்டது. தணிக்கையின் மூன்றாம் நாள் நாங்கள் மூன்று பேர் போய்ப் பார்த்தபோது, டேப்புகள் வரிசையாக எண் ஒட்டி நின்றன. "சாவி இதுங்க சார்" என்று அவர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். குறை இல்லை என்று குறித்தேன்.

தணிக்கை முடிந்த அன்று சாயங்காலம் தாம்பரம் நடைமேம்பாலத்தில் அவரைப் பிடித்தேன்.

"அந்த ஏழாவது கட்டம்... வேற வழி தெரியலை சார்."

"எனக்குப் புரியாதா? மூணாம் நாள்னு பார்த்ததுமே புரிஞ்சிடுச்சு. என் வேலையைக் காப்பாத்தினீங்க" என்றார். பிறகு கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பையிலேர்ந்து டிபன் கேரியர் எடுக்கப் போன மிஸஸ் கையில அந்தத் திட்டக் காகிதம் மாட்டிக்கிச்சு. 'ஆறு வருஷமா மீனை முள் எடுத்துப் போட்டேனே, இவருக்கா நெருக்கம் இல்லை?'ங்கறா. டேப்பைக் காப்பாத்தத்தான் எழுதினாருன்னு சொல்லலாம். ஆனா அவ அதைப் பாட்டு டேப்புன்னு நினைச்சிட்டிருக்கா சார். உண்மையைச் சொன்னா இனிமே ராத்தூக்கமே வராது அவளுக்கு."

"நான் வந்து சொல்றேன்."

"வேணாம் சார். வரவே வேணாம். நெருக்கம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாம சேர்ந்து போறதை உங்க காபி சார் பார்த்தா, அது பொய் அறிக்கை. அப்ப உங்க வேலை போகும். வருஷா வருஷம் நீங்கதானே திட்டம் போடப் போறீங்க? நான் முன் பெட்டியில போறேன். அதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

நடைமுறைப்படி அவர் சொன்னது முற்றிலும் சரி. நானே எழுதியிருந்தாலும் அதைவிடத் தெளிவாக எழுதியிருக்க முடியாது. மேற்குப் பக்கம் அவர் இறங்கினார். நான் கிழக்கே இறங்கி பஸ்ஸுக்கு நின்றேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் கழித்து, காலையில் என் மேசை மேல் செய்தித்தாளில் கட்டிய பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே கேக் இரண்டு துண்டு, அச்சுமுறுக்கு ஆறு. பியூனைக் கூப்பிட்டு யார் வைத்தது என்று கேட்டேன்.

"நான் இன்னாத்த கண்டேன் சார்? காலைல நான் வர சொல்லவே இங்கதான் கீது. வேணான்னா எங்கைல குடுங்க."

தணிக்கை செய்யப்பட்ட பிரிவிலிருந்து எது வந்தாலும் அன்பளிப்புப் பதிவேட்டில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். பதிவேடு என் இழுப்பறையில்தான் இருந்தது. பியூன் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, அத்தனையையும் நானே தின்றேன்.