பகலில் தாழ்ப்பாள்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பகல் நேரத்தில் பின்கதவைத் தாழிட்டால், அந்த வீட்டுக்காரிக்கு யாரோடோ சண்டை என்று அர்த்தம். சமையல் நடக்கும் குசினியின் பின்கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும். யாரும் தட்டமாட்டார்கள், "அக்கா" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வந்து நிற்பார்கள். அந்தக் கதவுக்கு நான் தாழ்ப்பாள் போட்டேன். சண்டைதான், மறைக்க என்ன இருக்கிறது?

தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையை மூடிய பிறகு, கொழுந்தெடுக்கும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை என் வீட்டில் விட ஆரம்பித்தார்கள். ஐந்து பிள்ளைகள், ஒரு முன்னறை, ஒரு குசினி, பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. ஆயாக்கொட்டகையில் பத்து மணி ஓய்வுக்குத் தாய்மார்கள் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அந்த வழக்கமும் பிள்ளைகளோடு சேர்ந்து என் வீட்டுக்கு வந்துவிட்டது. பால் குடிக்கிற பிள்ளை ஒன்றுதான். வந்ததோ எல்லாத் தாய்மார்களும். நானாவது சும்மா இருந்தேனா? வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கலக்கிக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குடையுதே என்றால் யாரைக் குற்றம் சொல்வது?

அம்மா பத்து நிமிடம் வந்து போனால் பிள்ளைக்கு இரண்டு அழுகை. காலையில் ஒன்று, பத்து மணிக்கு இன்னொன்று. அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சோறு ஊட்டுவது என் பாடு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது கிராணியம்மாவைத்தான்.

அவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணியின் மனைவி. வேலைக்குப் போகிறவர் இல்லை. மூன்று வயது மகன் "நாலு பிள்ளைங்களோட பழகட்டும்" என்று ஆறாவதாகக் கொண்டுவந்து விட்டார். விட்டவர் போகவில்லை. என் குசினியில் இருக்கும் ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டு மதியம் வரை உட்கார்ந்திருப்பார். மகன் தண்ணீர் கேட்க வாய் திறக்கும் முன்பே எழுந்து ஊற்றிவிடுவார். அவன் பந்தை இன்னொரு பிள்ளை தொட்டால் அந்தப் பிள்ளைக்கு அதட்டல் விழும். எதிர்த்துக் கேட்க அதன் அம்மா அங்கே இல்லை, மலைச்சரிவில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பாள்.

கேட்டிருக்க வேண்டியவள் நான். ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறார். அடுத்த வருஷம் ஓய்வு. அதற்குப் பிறகும் இந்த லயத்து வீட்டில் நாங்கள் இருக்க வேண்டுமானால் மேனேஜர் கடிதம் கொடுக்க வேண்டும். அதை எழுதி மேனேஜர் மேசையில் வைப்பது கிராணியின் வேலை. வீடு போனால் பிள்ளைகளும் போவார்கள், என் பிழைப்பும் போகும். அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று காலையில் வெளியே ஒரே பனி. கிராணியம்மா பாலும் சீனியும் போடாத தே ஓ கேட்டார். நான் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தேன். அவர் கைபேசியில் பேசுவதற்குப் பின்பக்கம் போய், கதவைத் திறந்துபோட்டபடியே திரும்பி வந்திருக்கிறார். கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தலைகளை எண்ணினேன். ஐந்துதான் இருந்தது. ஒன்றரை வயதுக் குட்டிப்பெண்ணைக் காணவில்லை.

பின்கதவைத் தாண்டினால் தேயிலைச் செடி, எனக்கு இடுப்பளவு. அவளுக்கு அது காடு. கொழுந்து மூட்டை ஏற்றிய லோரி மேலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. செருப்புப் போடாமல் ஓடினேன். லோரிப் பாதையில், ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு உட்கார்ந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் அவளை அள்ளி எடுத்த பிறகுதான் லோரி வளைவு திரும்பியது. செடி ஓரத்திலேயே அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது கிராணியம்மா நாற்காலியில்தான் இருந்தார்.

"கெடச்சிருச்சா? நல்லவேள லா. அக்கா, தே ஆறிப்போச்சு, கொஞ்சம் சூடு பண்ணித் தரீங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல், பாதி அந்தத் தேநீரைக் கலக்கிய என் கை மேல். சாயங்காலம் குட்டியின் அம்மாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஏறித் தானா ராத்தா டவுனுக்குப் போய், இருப்பதிலேயே பெரிய தாழ்ப்பாளாக வாங்கி வந்தேன்.

"கிராணி பொண்டாட்டிக்கா தாப்பாள் போடற? வயசான காலத்துல ரோட்டுல நிக்கணுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"கதவுக்குத்தான் போடறேன். ஸ்க்ரூவ முடுக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே முடுக்கினார். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்.

திங்கட்கிழமை முதல் புதுச் சட்டம். பிள்ளையை முன்வாசல் அரைக்கதவில் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். பால் கொடுக்கிறவள் மட்டும் பத்து மணிக்கு வரலாம். கொழுந்துக்காரிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"என்னக்கா, நம்ம லயத்துல நாமளே கதவு தட்டணுமா?"

"தட்டணும். தட்டினாலும் தொறக்கமாட்டேன்."

குட்டியின் அம்மாதான் முதலில் பிள்ளையை நீட்டினாள். கொடுத்துவிட்டு வேலைக்கு நடந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள்.

கிராணியம்மா கடைசியாக வந்தார். "நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன் அக்கா."

"ஓரம் இல்ல கிராணியம்மா. பிள்ளைய விட்டுட்டுப் போங்க, இல்ல கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு போய்விட்டார். அரை மணி நேரத்தில் கிராணியே மகனை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து வந்தார். லயத்து வழக்கப்படி நேராகப் பின்கதவுக்குப் போய்த் தள்ளினார். அது அசையவில்லை. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார்.

"இது தோட்டத்து வீடு. ஞாபகம் இருக்கா?"

நான் அரைக்கதவை விட்டு நகரவில்லை.

"வீடு தோட்டத்துது ஐயா. உள்ள இருக்கற பிள்ளைங்க தோட்டத்துது இல்ல. விடறதா இருந்தா கையில குடுங்க. பன்னெண்டு மணிக்கு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், ஆபீஸுக்கு நேரமாவதையும் பார்த்திருப்பார். மகனைத் தூக்கி என் கையில் கொடுத்தார். பையன் கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் என் பாவாடையை இழுத்து, "தண்ணி" என்றான். அவன் வாயால் என்னிடம் கேட்ட முதல் தண்ணீர் அதுதான்.

கடிதம் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் தினமும் ஆபீஸ் பக்கம் பார்த்துவிட்டு வருகிறார். எனக்கும் பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தாழ்ப்பாள் தோட்டத்துச் சொத்து இல்லை, நான் வாங்கியது. காலி பண்ணு என்றால் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி எடுத்துக்கொண்டுதான் இறங்குவேன். போகிற வீட்டிலும் பின்கதவு ஒன்று இருக்கும்.