களத்தில் காய்ந்த படகு

எண்பதுகளின் நடுவில், ஒரு ஜனவரி மாதம், ஏற்காடு ஏரியில் நடந்தது இது. அப்போது கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவர் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். மகளுக்கு மூன்று வயது. எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீச்சல் தெரியாத மனிதருக்குப் படகுப் பைத்தியம் பிடித்தால் வீட்டில் இருப்பவள் பாடு என்ன என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா?

எஸ்டேட்டின் பழைய மேனேஜரிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது. நான்கு பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் ஓட்டுவார். ஒத்தாசைக்கு என் கணவரையும் கூட்டிப் போவார். காற்று எந்தப் பக்கம் அடித்தால் பாயை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் இவர் அப்படிப் பழகியதுதான். வேலையை விட்டுப் போகும்போது மேனேஜர் படகை இவருக்கே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி படகுதான். கிழிந்துபோன பாய்க்குப் பதிலாகக் காடாத் துணியில் புதுப் பாய் ஒன்றை நான்தான் மெஷினில் தைத்தேன். திட்டிக்கொண்டேதான் தைத்தேன். முடித்து வாசலில் விரித்துப் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்துவிட்டது.

படகு மழைக்காலம் முழுக்க ஏரியோரம் கிடந்து பாசி பிடித்திருந்தது. காப்பிக்காரர்களுக்கு ஈரம் என்றாலே ஆகாது. பறித்த பழம் சரியாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்து ஒரு வருடப் பாடு வீணாகிவிடும். அதே நினைப்பில் படகையும் டிராக்டரில் ஏற்றி வந்து காப்பி காயும் களத்தில் கவிழ்த்துப் போட்டார்கள். காப்பியைக் கிளறிவிட வந்த பெண்கள் அதையும் அவ்வப்போது புரட்டிப் போட்டுக் காயவைத்தார்கள். தட்டிப் பார்த்தால் கணீரென்று சத்தம் வந்தது. எல்லாருக்கும் பரம திருப்தி. பலகைகளுக்கு நடுவில் விட்டிருந்த இடுக்குகளில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி, மேலே நீலப் பெயின்ட் அடித்தார் என் கணவர்.

மரப்படகு தண்ணீரிலேயே கிடக்க வேண்டும், பலகை ஊறிப் பருத்தால்தான் இடுக்குகள் தானாக அடைபடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மேனேஜர் இருந்தவரை படகு ஏரியை விட்டு வெளியே வந்ததே இல்லை, அதனால் அந்தப் பேச்சே எழவில்லை. கடலோரத்தில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். மலைமேல் யாரைக் கேட்பது?

ஒரு வாரநாள் காலையில் அவர் லீவு போட்டுவிட்டு எங்களை அழைத்துப் போனார். ஏரியில் கூட்டமே இல்லை. நல்ல வெயில், லேசான காற்று. பாய் உப்பிக்கொண்டு படகு நகர்ந்தபோது மகள் கைதட்டிச் சிரித்தாள். நான்கூட அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஏரி நடுவுக்கு வந்தபோது என் பாதம் சில்லென்றது. குனிந்து பார்த்தேன். பெயின்ட் பட்டை பட்டையாக உரிந்து, ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அவரும் பார்த்துவிட்டார். உடனே படகைக் கரைப்பக்கம் திருப்பினார். அந்த நேரம் பார்த்துத்தான் பனிமூட்டம் இறங்கியது. ஏற்காட்டுப் பனி சொல்லிவிட்டு வருவதில்லை. கரை மறைந்தது, மரங்கள் மறைந்தன, படகின் முனைகூட மங்கிவிட்டது. காற்றும் நின்றுபோய், நான் தைத்த பாய் கொடியில் போட்ட துணி மாதிரித் தொங்கியது.

இருந்தது ஒரே துடுப்பு. எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியவில்லை. நான் டிபன் பாக்ஸ் மூடியால் தண்ணீரை வாரி வாரி வெளியே ஊற்றினேன். ஊற்ற ஊற்ற ஏறிக்கொண்டே இருந்தது. பயத்தில் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். செத்துவிடுவோம் என்றுகூட நினைக்கவில்லை. இவளை எப்படித் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொள்வது, எவ்வளவு நேரம் பிடிக்க முடியும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. இருவரும் தொண்டை கிழியக் கத்தினோம்.

"ஓ...ய்" என்று எங்கிருந்தோ ஒரு பெண்குரல் பதில் சொன்னது.

என் கணவருக்கு அது என்ன என்று உடனே தெரிந்துவிட்டது. காப்பி பறிக்கும்போது பனி மூடினால் பெண்கள் இப்படித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். எல்லாரும் பதில் சொன்ன பிறகுதான் மலைச்சரிவிலிருந்து கூட்டமாக இறங்குவார்கள்.

"எத்தன பேருங்க?" என்றது குரல்.

"மூணு பேருங்க. சின்னக் கொழந்த இருக்குது. படகுல தண்ணி ஏறுதுங்க" என்று கத்தினார் என் கணவர்.

"நான் நின்ன எடத்த வுட்டு நவுர மாட்டனுங்க. சத்தம் வர்ற பக்கமே வாங்க. கொழந்தையப் பேசச் சொல்லுங்க, எனக்குக் கேக்கட்டும்." பிறகு குரல் இளகியது. "கண்ணு, அத்தையக் கூப்புடு சாமி."

"அத்தே" என்றாள் மகள்.

"ஓ...ய்."

அப்படியே போனோம். அவர் மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் துடுப்புப் போட்டார். படகு திசை மாறும்போதெல்லாம் நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். மகள் கூப்பிடுவாள், அந்த அம்மா பதில் சொல்வார். தண்ணீர் உட்காரும் பலகை வரை வந்துவிட்டது. அந்தக் குரல் கரகரத்துக் கம்மியது, ஆனால் ஒருமுறைகூட நிற்கவில்லை. கடைசியில் படகு எங்கள் காலடியிலேயே அமிழ்ந்தது. அவர் தண்ணீருக்குள் குதித்தார். சேற்றில் கால் ஊன்றியது, நெஞ்சளவுதான் ஆழம். பனிக்குள்ளிருந்து இரண்டு கைகள் நீண்டு வந்து என்னிடமிருந்து குழந்தையை வாங்கின. இடுப்புவரை தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார் அந்த அம்மா. தலையில் முக்காடு, இடுப்பில் சாக்குத் துணி. கிளியூர்க்காரர். பறிப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். கூட வந்தவர்கள் எல்லாம் எஸ்டேட்டில் பேர் பதியும் மஸ்டருக்கு நேரமாகிறதென்று முன்னால் போய்விட்டார்கள்.

கரையில் உட்கார்ந்து நான் அழுதேன். அந்த அம்மா தன் முக்காட்டுத் துணியை அவிழ்த்து மகளைச் சுற்றினார். என் கணவர் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அந்த அம்மா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஏரிப்பக்கம் திரும்பி, மிச்சமிருந்த குரலில் மறுபடியும் கூப்பிட்டார். நின்று காது கொடுத்தார். மறுபடி கூப்பிட்டார்.

"நாங்க மூணு பேருதானுங்க, எல்லாரும் வந்துட்டமுங்க" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார் அவர், ஏரியைப் பார்த்தபடியே. "போன வருசம் பறிப்புல பனி மூடுனப்ப எல்லாரும் வந்துட்டோம்னு நெனச்சுக் கூப்புடாம எறங்கிட்டமுங்க. ஒருத்தி மேலயே நின்னுட்டா. மறுநாள் பாறைக்குக் கீழதான் எடுத்தமுங்க."

பனி சற்றுக் கலைந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார். பிறகு கிளியூரில் தேடிப் போய்ப் பார்த்தோம், நன்றி சொன்னோம். தேங்காய் பழத்தை வாங்கிக்கொண்டார், அந்தப் பேச்சை மட்டும் வளரவிடவில்லை. படகை ஏரியிலிருந்து எடுத்த என் கணவர், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு, அதைக் கரையோரத் தண்ணீரிலேயே பல நாள் ஊறப்போட்டார். அதன் பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று சொல்வார். நான் ஏறிப் பார்க்கவில்லை.

மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவளுக்கு அந்தக் காலை நினைவில்லை. எனக்கு மட்டும் ஒன்று தெரியும். பனியில் யாரும் கூப்பிடாமல் விட்டுப்போன ஒருத்தியால்தான், அந்த அம்மா மஸ்டரை விட்டுவிட்டு எங்களுக்காக நின்றார். பெயரும் முகமும் தெரியாத அந்த ஒருத்தியை நினைக்காமல் என் மகளின் பிறந்தநாள் ஒன்றுகூட எனக்குக் கழிந்ததில்லை.