ஒப்பாரி என்று நான் எழுதிய பாட்டு

கேசட்டை உள்ளே தள்ளிவிட்டு டிரைவர் அண்ணன் டேப் ரெக்கார்டரை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். தட்டினால்தான் அது பாடும். முதலில் தகரத்தில் மழை விழுவதுபோல இரைச்சல், பிறகு ஒற்றைக் கிதார், அதன் மேல் ஓர் ஆணின் கரகரத்த குரல். காலை ஐந்தே காலுக்குக் குருபரப்பள்ளி நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறும்போது அந்தக் குரல்தான் முதலில் காதில் விழும். ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் நாலு மாதக் கர்ப்பம். கேஸை மூடினேனா, பூட்டை இழுத்துப் பார்த்தேனா என்று யோசித்தபடியே படியேறுவேன். போச்சம்பள்ளியில் கம்பெனி போய்ச் சேரும்வரை அந்த யோசனை தீராது.

டிரைவர் அண்ணனுக்குத் தளிப் பக்கம் ஊர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். ஆங்கிலம் மட்டும் தெரியாது. பெங்களூரில் நடைபாதைக் கடையில் பழைய கேசட்டுகளைக் கட்டாக வாங்கியபோது இந்த நாலு இங்கிலீஷ் கேசட்டும் உள்ளே கிடந்தனவாம். ஒன்றுக்குத்தான் அட்டை இருந்தது. கோட்டு போட்ட கறுத்த மனிதர் ஒருவர், கண்கள் மூடியிருக்க, மடியில் கிதாருடன் உட்கார்ந்திருந்தார். பாடியவர்களின் பெயர் தெரியாததால் அண்ணனே அவர்களுக்கு உறவு வைத்திருந்தார். அட்டையில் இருந்தவர் கண்ணில்லாத மாமா. மைக்கே தேவையில்லாத குரலில் பாடிய அம்மாள் பெரியக்கா. வார்த்தை ஒன்றும் புரியாமலே அண்ணன் ஒன்றைக் கவனித்திருந்தார்.

"ஒரே அடிய ரெண்டு தரம் கேக்கறாரு பாரும்மா. மூணாவதுக்கு அவரே பதிலு சொல்லிக்கறாரு. பதிலு சொல்ல ஆளில்லாதவங்க பாட்டு இது" என்றார் ஒருநாள். நான் பி.எஸ்ஸி. படித்தவள், ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டரில் பதிவு போடுபவள். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

பஸ்ஸில் எல்லோரும் சினிமாப் பாட்டு போடச் சொன்னார்கள். சாயங்காலம் திரும்பும்போது போடுகிறேன் என்பார், போடவும் செய்வார். காலையில் மட்டும் அவர் பாட்டுதான். கேலி செய்தார்களே தவிர யாரும் சண்டைக்குப் போகவில்லை. பேக்கிங்கில் வேலை பார்த்த அக்கா வாய் திறக்கும்வரை அப்படித்தான் இருந்தது.

அவர் தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து வந்தவர். இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தார். என் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவார். குரல் இழுத்து இறங்கும் இடங்களில் முந்தானையால் காதை மூடிக்கொள்வார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஊர்ல எழவு வீட்லதான் பிள்ள இப்படிப் பாடுவாவ. விடியுமுன்ன இதக் கேட்டுட்டா போணும்? இதாவது தங்கணும்லா. நீ படிச்சவ, கம்பெனிக்கு எழுதிக் குடு."

எனக்கும் பயம் இருந்தது. இல்லையென்றால் அத்தனை நன்றாக எழுதியிருக்க மாட்டேன். டிரைவர் தினமும் காலையில் ஒப்பாரிப் பாட்டு போடுகிறார், கர்ப்பிணிகள் மனம் கலங்குகிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது கடைசியில், சின்னதாக.

அடுத்த வாரம் ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்பும் முன், அண்ணன் ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். பஸ் காண்ட்ராக்டர் கொடுத்தாராம். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னார். என் வாக்கியங்களை அப்படியே எடுத்து, இனியும் பாட்டு நிற்காவிட்டால் இந்த வழியிலிருந்து அவரை எடுத்துவிடுவோம் என்று கீழே சேர்த்திருந்தார்கள். பெயர்கள் இல்லை. இரண்டு மகள்களைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த மனிதருக்கு, நான் எழுதியதை நானே தமிழில் சொன்னேன். ஒப்பாரி என்ற சொல்லை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விடவில்லை.

அவர் கோபப்படவில்லை. "யாரு எழுதுனாங்களோ, நல்ல காதும்மா அவங்களுக்கு. ஒப்பாரிதான் இது. என்னா ஒண்ணு, செத்தவன் வேற யாருமில்ல, பாடறவனேதான். செத்துட்டு வேலைக்கும் போறான்" என்று சிரித்தார். மறுநாளிலிருந்து காலையிலும் சினிமாப் பாட்டு. பேக்கிங் அக்கா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். நான்தான் தூங்கவில்லை.

அந்த மாதம் வந்த ஒரு சினிமாப் பாட்டின் தொடக்கத்தில் கிதார் ஒரு வளைவு வளைந்து இறங்கியது. ஸ்டீயரிங்கில் அண்ணனின் விரல்கள் அதற்கு முன்னாலேயே இறங்கின. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மாமா இதுலயும் ஏறிட்டாரு. இவர எறக்கறதுக்கு யாருக்கு லெட்டரு போடறது?" என்றார். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏழாம் மாதம் வேலையை விட்டேன். கடைசி நாள் எல்லோரும் இறங்கட்டும் என்று காத்திருந்து, அந்த லெட்டரை எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்மா. காகிதத்தப் பாக்காமயே படிச்சியே" என்றார். பிறகு, பேக்கிங்கம்மாவுக்கு எப்போது தேதி என்று கேட்டார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நான் மன்னிப்பு கேட்டேனா என்பதும் இப்போது நிச்சயமில்லை.

போன வருடம் என் கணவர் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி நெட் இணைப்பு போட்டார். மகள் பால்வாடிக்குப் போன நேரத்தில் அந்தப் பாட்டுகளைத் தேடத் தொடங்கினேன். பாடியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள்: பருத்திக் காட்டுக் கூலிகள், தண்டவாளம் போட்டவர்கள், தெருமுனையில் தொப்பியைக் கவிழ்த்து வைத்துப் பாடிய கண் தெரியாதவர்கள். யாரோ ஒருநாள் பதிவு செய்துகொண்டு போனார்கள். தங்கள் பாட்டு எங்கெல்லாம் போயிற்று என்று தெரியாமலே பலர் இறந்துபோனார்கள். பின்னால் வந்து உலகப் புகழ் பெற்ற எத்தனையோ பேர் இவர்களிடம்தான் கற்றோம் என்கிறார்கள். ஆனால் எங்கள் மாமாவை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு குரலிலும் இவர்தானோ என்று நிற்கிறேன், பிறகு இல்லை என்று தோன்றுகிறது. கேட்கலாமென்றால் அண்ணன் அந்த வேலையிலேயே இல்லை. பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார் என்கிறார்கள். நான் எழுதியதுதான் காரணமா, தெரியாது.

சென்ற மாதம் பேக்கிங் அக்கா மகனோடு வீட்டுக்கு வந்திருந்தார். பையன் நல்ல துடிப்பு. பாட்டை நிறுத்தியதால்தான் தங்கினான் என்று அவர் இன்றும் நம்புகிறார். இல்லையென்று சொல்ல நான் யார்? கம்ப்யூட்டரில் மெல்ல ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. "யாரு பிள்ள இது? மனசுக்கு எதமா இருக்கே" என்றார்.

ஏதோ இங்கிலீஷ் பாட்டு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "காலையில நம்ம பஸ்ல பாடின ஆளுங்கதான்க்கா" என்றேன்.

அவர் கை தானாக நீண்டு மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது. நானும் என் மகள் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். பாட்டில் அந்த அடி இரண்டாம் முறையாக வந்தது. நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது அடிக்காக இருவரும் காத்திருந்தோம்.