பிரைவேட்டாக ஒரு பத்தாங்கிளாஸ்

என் மகள் பத்தாவது படித்த வருஷம், ஆடி மாதத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி, உப்பில்லாத கஞ்சி, படுக்கை என்று இரண்டரை மாதம் போயிற்று. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "அட்டெண்டன்ஸ் பத்தலைங்கம்மா. பொண்ணு வூட்டுல இருந்தே படிச்சு பிரைவேட்டா எழுதட்டுங்க. உடம்பு முக்கியம் பாருங்க" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் அக்கறைப்பட்டது பள்ளிக்கூடத்து ரிசல்ட்டைப் பற்றி என்பது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

என் வீட்டுக்காரருக்குப் பாப்பாரப்பட்டியில் உரக்கடை. அவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா, பின்னாலும் மாமா. விஷயத்தைக் கேட்டதும் யூரியா மூட்டையைத் தட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "பாஸானா மேல படிக்கட்டும். பெயிலானா ஆவணியில கல்யாணம்." மாப்பிள்ளைக்காக அலைய வேண்டியதில்லை. என் சொந்தத் தம்பியே இருந்தான். தொப்பூர் கணவாய் ஏறி இறங்கி பெங்களூருக்கு லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு இருபத்தேழு, இவளுக்குப் பதினைந்து. தாய்மாமன் காத்திருக்கிறான் என்பதை எங்கள் சொந்தத்தில் பெருமையாகத்தான் சொல்வார்கள்.

எனக்கு அவள் படிக்க வேண்டும். அவளுக்கும் அதே ஆசை. அந்தக் காலத்துப் பதினோராவது பாஸ் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு நான் டீச்சர் ஆனேன்.

காலையில் அவர் கடைக்குப் போனதும் அடுப்படியில் வகுப்பு. தமிழும் வரலாறும் சிரமமில்லை, நான் களி கிண்டிக்கொண்டே கேட்பேன், அவள் ஒப்பிப்பாள். இங்கிலீஷை இரண்டு பேரும் சேர்ந்து பயந்தோம். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே 'கணங்கள்' என்று இருந்தது. நான் படித்தபோது கணக்கில் எண்கள்தான் இருந்தன. இதில் வட்டம் வட்டமாகப் போட்டு, உள்ளே யார், வெளியே யார் என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. புரியவில்லை என்று மாணவியிடம் எந்த டீச்சர் ஒத்துக்கொள்வாள்?

மூன்று தரம் படித்த பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. "ஒரு வட்டத்துல உங்கப்பா வூட்டுச் சொந்தத்தை எழுது. இன்னொண்ணுல என் சொந்தத்தை எழுது. ரெண்டுலயும் இருக்கறவங்க வெட்டுக்கணம். மொத்தப் பேரும் சேர்ந்தா சேர்ப்புக்கணம்" என்றேன். என் புத்திசாலித்தனம் எனக்கே பிடித்திருந்தது.

அவள் எழுதினாள். நான் கட்டியது மாமனை. என் அப்பா கட்டியது அத்தை மகளை. எந்தப் பக்கம் போனாலும் அதே ஆட்கள்தான் வந்து நின்றார்கள். என் தம்பியும் இரண்டு வட்டத்திலும் இருந்தான்.

"வெட்டும் சேர்ப்பும் ஒண்ணாவே வருதேம்மா?" என்றாள்.

கவனமில்லாமல் எழுதுகிறாள் என்று திட்டிவிட்டு நானே போட்டுப் பார்த்தேன். ஒன்றாகத்தான் வந்தது. சரி, கணக்கு அப்படித்தான் போலிருக்கிறது, இரண்டுக்கும் விடை ஒன்றுதான் என்று முடிவு செய்து, அப்படியே மனப்பாடம் செய்யவும் சொன்னேன். இரண்டு வாரம் அவள் போட்ட கணக்குக்கெல்லாம் சிவப்பு மசியில் ரைட் போட்டேன்.

அந்த ரைட்டுகளுக்கு முடிவு கட்டியவன் என் தம்பிதான். மேட்டூரில் சரக்கு இறக்கப் போனவன், சேலத்துக்குச் சுற்றிப் போய், இவளுக்காக விடையோடு கூடிய நோட்ஸ் வாங்கி வந்தான். அதில் வெட்டு வேறு, சேர்ப்பு வேறு. என் மகள் நோட்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். காமாலைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "கணக்கு சரிதாம்மா, நம்ம குடும்பந்தான் தப்பு" என்றாள். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அதற்கப்புறம் அவன் பெங்களூரிலிருந்து பேனா வாங்கி வந்தான், யாரிடமோ கேட்டுப் பழைய கேள்வித்தாள்கள் கொண்டுவந்தான். பெயிலானால் பெண் தனக்கு என்று தெரிந்தும் பாஸாவதற்கு இப்படிப் பாடுபடுகிறானே! என் தம்பி தங்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

தர்மபுரியில் பரீட்சை எழுதினாள். ரிசல்ட் வந்தது. கணக்கில் ஐம்பத்தெட்டு, மற்றதெல்லாம் அதற்கு மேல். அன்று சாயங்காலமே தம்பி தட்டில் பூவும் பழமும் லட்டும் வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"ரொம்ப சந்தோசங்க மாமா. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பேப்பர் ஒண்ணும் எனக்குப் படிக்கத் தெரியாது. பாஸான பொண்ணா வந்தா எனக்கு எவ்வளவு ஒத்தாசை!" என்றான்.

பெயிலானால் கல்யாணம் என்றுதான் நாங்கள் ஒரு வருஷம் பயந்தோம். பாஸானதால் கல்யாணம் என்பது டீச்சருக்கும் மாணவிக்கும் தோன்றவே இல்லை. என் வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து வந்தார். மகள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"பாஸானா படிக்கட்டும்னு நீங்கதான் சொன்னீங்க" என்றேன்.

"அது அப்பச் சொன்னது" என்றார்.

"நான் அதை நம்பித்தான் சொல்லிக் கொடுத்தேன். பிளஸ் ஒன்னுக்குப் பாரம் வாங்கியாச்சு. இவளை இப்பக் கட்டிக் கொடுக்கறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்." என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏங்க்கா, நீயும் மாமனைத்தானே கட்டிக்கிட்டே? நல்லாத்தானே இருக்கே?" என்று கேட்டான். அவரும் பஞ்சாங்கத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அவ படிக்கட்டும்டா" என்றேன். தட்டை எடுக்காமலே அவன் போனான். அவர் பஞ்சாங்கத்தை மூடி உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அடுத்த வாரம் மகளைப் பிளஸ் ஒன்னில் சேர்க்க மூன்று பேரும் கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் அவள் பாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நின்றிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து, தொண்டையைக் கனைத்து, மெதுவாகக் கேட்டார்: "அவன் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலியே?"

"பஸ் வந்துருச்சு மாமா, ஏறுங்க" என்றேன்.