இரண்டு கானா

அடையாறு கல்யாண மண்டபத்தில் சங்கீத், கல்யாணத்துக்கு முன்னால் வடக்கத்திக்காரர்கள் வைக்கும் ஆட்டபாட்டம். ஸ்பீக்கரில் அந்தப் பழைய ஹிந்திப் பாட்டின் விசில் கிளம்பியதும் என் வலது தோள் தானாகக் குலுங்கியது. மயிலாப்பூர் வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன்.

என்ன பாட்டுகள் அவை! கதாநாயகன் தொப்பியைச் சரித்துக்கொண்டு ஓடும் ஜீப்பில் தொற்றுவான். அவள் துப்பட்டாவால் அவன் மூக்கில் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சைக்கிளில் பறப்பாள். காரணமே வேண்டாத குஷி. கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு குலுக்கலையும் பழகினேன்.

பெரியப்பா பெண் பத்மா அக்காதான் எங்களுக்கு ஹிந்தி டியூஷன். ஒருநாள் எனக்கு என்ன பிடிக்கும் என்று ஹிந்தியில் கேட்டாள். பாட்டு என்று சொல்ல நினைத்து, "கானா" என்றேன். ஹிந்தியில் ஒரு 'க' போட்டால் பாட்டு, இன்னொரு 'க' போட்டால் சாப்பாடு; தமிழ் வாய்க்கு எல்லா 'க'வும் ஒன்றுதான். அவள் காதில் அது சாப்பாடாக விழுந்தது.

"அதான் பாத்தாலே தெரியறதேடி, குண்டு!"

கூடமே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் கானா. அதற்குப் பிறகு யார் முன்னாலும் நான் ஆடியதில்லை.

இன்று அவள் மாப்பிள்ளையின் அம்மா. டில்லிச் சம்பந்திகள் அவளை மேடைக்கு இழுக்கிறார்கள்.

"கானா, என் மானத்தைக் காப்பாத்துடி. பக்கத்துல நின்னு ஆடு, நான் பாத்துண்டே ஆடிடறேன்."

ஏறினேன். இத்தனை வருஷம் உள்ளேயே ஆடிய ஆட்டம், இடுப்பும் தோளுமாக வெளியே கொட்டியது. அவளும் தப்பும் தவறுமாகத் தொடர்ந்தாள். பல்லவி முடிந்து இருவரும் கையை உயர்த்தி நின்ற கணத்தில், நான் இறங்கிவிட்டேன்.

"அடுத்தது என்னடி?" என்றாள், உயர்த்திய கையோடு.

முன்வரிசையில் உட்கார்ந்து, தாளம் தவறாமல் கைதட்டினேன்.