பெஞ்சின் அடியில் இருந்த எண்

வடிவாம்பாளுக்கு முழங்கால் வலி. சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். பூதப்பாண்டியில் இருக்கும் வீட்டில் அவளும் அக்காள் மகள் சிவப்ரியாவும்தான். சிவப்ரியா காலையில் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதனால் உயரமான பழைய மரப் பெஞ்சு ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று.

வடிவாம்பாள் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். ஒரு மெமோகூட வாங்கியதில்லை. எல்லாம் பயத்தினால்தான் என்று அவளே சொல்வாள். மூன்று முறை படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டாள்.

குழித்துறையில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கும் ஷிபின் பத்துப் பதினைந்து பெஞ்சுகளைக் காட்டினான். பளபளத்த தேக்குப் பெஞ்சின் காலடியில் மாவுபோல மரத்தூள் உதிர்ந்து கிடந்தது, வேண்டாமென்றாள். இன்னொன்றின் ஓரத்தில் உட்கார்ந்ததும் மறுமுனை தூக்கியது. கடைசியாக ஒரு அயினி மரப் பெஞ்சு. சாவியால் குத்திப் பார்த்தாள், இறங்கவில்லை. உட்கார்ந்தாள், இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கைப்பிடியை ஊன்றித் தானே எழுந்தாள்.

"இதையே எடுத்துருவோம்," என்றாள்.

இரண்டு நாள் கழித்து, ஒட்டடை துடைக்க சிவப்ரியா பெஞ்சைச் சாய்த்தாள். அடிப்பலகையில் வெள்ளைப் பெயிண்டில் ஓர் அரசுப் பயணியர் விடுதியின் பெயர், பக்கத்தில் ஓர் எண். வடிவாம்பாள் அந்த எண்ணை மூன்று முறை படித்தாள். அவள் அலுவலகத்து நாற்காலிகளிலும் இதேபோல் எழுதியிருப்பார்கள். ஏலத்தில் விற்றால் எண்மேல் குறுக்கே கோடு போட்டுவிடுவார்கள். இதில் கோடு இல்லை.

"ஏட்டி, இது களவு போன சர்க்கார் சாமானாக்கும்."

"நாம காசு குடுத்துதான வாங்கினோம், சித்தி?"

"வாங்கினாலும் கேஸுதான். பென்சன நிறுத்திருவாவ."

"பெஞ்சக் கவுத்துப் பாக்க எவன் வரப்போறான்? எதுக்கு இப்பிடி நடுங்குதிய?"

மறுநாள் தனியாக இருந்தபோது, வடிவாம்பாள் காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு சிரமப்பட்டுப் பெஞ்சருகே தரையில் உட்கார்ந்தாள். முதல் எழுத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் உறைத்தது: இப்போது தடயத்தை அழித்ததும் அவள்தான். எழுந்திருக்கவும் முடியவில்லை.

அந்த நேரம் வாசலில் ஜீப் வந்து நின்றது.

"வீட்டுல யாரு இருக்கா?"

ஜன்னல் வழியே காக்கிச் சட்டை தெரிந்தது. கதவைத் தட்டினார்கள். பெஞ்சைப் பிடித்து எப்படியோ எழுந்து போய்த் திறந்தாள். கத்தி கையிலேயே இருந்தது. போலீஸ்காரர் ஓரடி பின்னால் போனார்.

"ஒண்ணுமில்ல அம்மா. பக்கத்து வீட்டு பெனினுக்கு பாஸ்போர்ட் விசாரணை. ஆளு எப்பிடி?"

"நல்ல... நல்ல பையன்."

அவர் நீட்டிய தாளில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். ஜீப் போன பிறகும் நெடுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இப்படி ஒவ்வொரு ஜீப்புக்கும் செத்துப் பிழைக்க முடியாது என்று அப்போதுதான் தோன்றியது.

அடுத்த நாள் சிவப்ரியாவை விடுப்பு எடுக்க வைத்து, அந்த விடுதியைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் அபிதாவிடம் போனில் எடுத்திருந்த எண்ணின் படத்தைக் காட்டினாள். சுரண்டியதையும் மறைக்கவில்லை. அபிதா பதிவேட்டைப் புரட்டினாள்.

"இது ஏலத்துல போகல்ல அம்மா. ரெண்டு வருசமா காணல்ல."

வடிவாம்பாள் மேசைமேல் குனிந்தாள். "நான் களவாணி இல்ல மக்கா."

"களவாணி இங்க வந்து சொல்லுவாளா? நடந்தத எழுதித் தாங்க."

தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதினாள். சாயங்காலம் ஆட்கள் வந்து பெஞ்சைத் தூக்கிப் போனார்கள். போலீஸ் விசாரித்ததில், விடுதியின் பழைய கட்டடத்தை இடித்த ஒப்பந்தக்காரர் உடைந்த மரங்களோடு சேர்த்து அதையும் ஷிபினுக்கு விற்றிருந்தார். வடிவாம்பாளை ஒரே ஒரு முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம்தான், அதற்குள் சிவப்ரியாவின் கையில் அவள் நகம் பதிந்துவிட்டது.

ஷிபினும் பயந்துபோயிருந்தான். வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னான். தேங்காய்ப்பட்டணத்தில் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்த பெஞ்சை, விற்றதாக வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டோடு எடுத்தாள். கொஞ்சம் குட்டை. எழுந்திருக்க இரண்டு முறை முயல வேண்டியிருக்கிறது.