வண்டிக்கு விளக்கெண்ணெய்

அருளப்பனை எங்கள் ஊர் முதலில் அறிந்தது மூக்கால்தான். ஐம்பத்தெட்டாம் வருஷம், திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து ஒரு பழைய பெட்ரோல் டிராக்டரை வாடகை உழவுக்கு ஓட்டிக்கொண்டு குஜிலியம்பாறைப் பக்கம் வந்தார். டாங்கி மூடியைத் திறந்தால் துணிப்பெட்டியைத் திறந்தது மாதிரி வாசம். "பாச்சை உருண்டை போட்டிருக்கேன். பெட்ரோலுக்கு வீரியம்" என்றார்.

அந்த வண்டி பெட்ரோலில்தான் கிளம்பும். சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வார். மண்ணெண்ணெய்க்கு அவர் வைத்திருந்த மருந்து விளக்கெண்ணெய். மாதம் ஒரு ஞாயிறு அவர் மனைவி ரோஸ்மேரி பிள்ளைகளுக்கு அதைப் புகட்டுவாள். மிச்சத்தில் ஒரு கரண்டி வண்டிக்கு.

"அதுக்கும் வயித்துல கசடு சேரும்ல?" என்பார்.

"சேரும், சேரும். உங்க வண்டிக்குக் கால் கழுவி விட மட்டும் என்னையக் கூப்பிடாதீக!" என்பாள் ரோஸ்மேரி.

அந்த ஆடிக் கடைசியில் மழை இறங்கியது. எங்கள் ஊர்ச் சங்கிலிக்கு இருந்தது ஒரே ஒரு மானாவாரிச் செவல்காடு. உழவு மாடும் கோடையில் செத்துப்போயிருந்தது. ஈரம் காயுமுன் கடலை விழுந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் வெள்ளாமையே இல்லை. நம்பி உழவுக்குக் கூப்பிடுகிறானே, வண்டி மக்கர் பண்ணிவிடக் கூடாது என்று அருளப்பன் இந்தத் தடவை கரண்டியைத் தேடவில்லை. பாட்டிலோடு கவிழ்த்துவிட்டுப் புறப்பட்டார்.

பெட்ரோலில் வண்டி ஜம்மென்று கிளம்பியது. மண்ணெண்ணெய்க்கு மாற்றி இரண்டு சால் ஓடியதும் இருமி நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. உழவு வைப்பவர்தான் மண்ணெண்ணெய் வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம். அருளப்பனுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"ஏலே சங்கிலி, என்னத்தடா கலந்து வாங்கியாந்தே?"

"கடையில ஊத்துனதை அப்படியே கொண்டாந்தேண்ணே. எங்க ஊட்டு விளக்கு இதுலதான எரியுது?" என்றான் சங்கிலி. விதைக் கூடையோடு நின்ற அவன் பெண்டாட்டி பேச்சாயி, காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். மேல்மண் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

அருளப்பன் மண்ணெண்ணெய் டாங்கியின் அடித் திருகைக் கழற்றினார். கெட்டியாக, மஞ்சளாக, நூல் பிடித்த பாகு மாதிரி இறங்கியது. விளக்கெண்ணெய். மண்ணெண்ணெயோடு சேராமல் அடியில் படிந்து குழாயை அடைத்திருக்கிறது. விரலில் தொட்டு மோந்தார்.

"சங்கிலி, உன் மேல குத்தமில்ல. நாந்தான் வண்டிக்குப் பேதிக்குக் குடுத்துட்டேன்."

பேச்சாயி சிரித்துவிட்டாள். "அதுக்குத்தான் ரெண்டு சாலுக்கு ஒருக்கா ஒதுங்குதாண்ணே?"

டாங்கியையும் குழாயையும் மண்ணெண்ணெயிலேயே அலசினார். கேனில் மிச்சமிருந்த பெட்ரோல் ஒரு தடவை கிளப்பத்தான் காணும். பெட்ரோல் பங்குக்குத் திண்டுக்கல் போய்த் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். சுத்தமான மண்ணெண்ணெயை விளிம்பு வரை நிரப்பினார்.

"இனிமே நிறுத்தினா நின்னதுதான். நான் இறங்க மாட்டேன்" என்று சொல்லிக் கிளப்பினார்.

இறங்கவில்லை. பின்னால் பேச்சாயி கடலை போட்டுக்கொண்டே நடந்தாள். மத்தியானம் சங்கிலி கம்மங்கூழுச் சொம்போடு வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடினான். ஒரு கையில் ஸ்டீரிங், ஒரு கையில் சொம்பு. பாதி வாயில், பாதி சட்டையில். வரப்போரத்துக் கடைசிச் சாலில் விதை விழுந்த பிறகுதான் இன்ஜினை அணைத்தார்.

அருளப்பன் பிற்பாடு நாகல் நகரில் சொந்தமாக டீசல் டிராக்டர் வாங்கினார். அதில் டீசல் மட்டுமே ஊற்றினார். ஆடி பிறந்தால் முதல் உழவு சங்கிலி காட்டில்தான்.